தீசிஸ் எடுத்த பொண்ணு

தீசிஸா, பேப்பரா? இதுதான் கேள்வி. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் துறைத்தலைவர் வந்து கேட்டுவிட்டு, திங்கட்கிழமை பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண் பார்த்துவிட்டுப் போகிறவன்கூட முடிவு சொல்ல இதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது எம்.எஸ்ஸி. சூழலியல். விருத்தாசலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு காலேஜ். முதல் வருஷம் எல்லோருக்கும் ஒரே படிப்பு. இரண்டாவது வருஷம் பாதை பிரியும். தீசிஸ் எடுத்தால் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். வெயிலில் நின்று எதையாவது எண்ணி, எழுதி, கெட்டி அட்டை போட்டு பைண்ட் பண்ணி, வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர் முன்னால் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பேப்பர் எடுத்தால் இந்த ரோதனை எதுவும் கிடையாது. கூடுதலாக இரண்டு பாடம், இரண்டு பரீட்சை, அத்தோடு சரி. சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே பட்டம்தான் போடுவார்கள். ஆனால் மேற்கொண்டு பிஎச்.டி. பண்ண ஆசைப்பட்டால், தீசிஸ் பண்ணாதவளை எவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்த ஆசைதான் இருந்தது. சின்ன வயசில் வந்த ஆசையெல்லாம் இல்லை. முதல் செமஸ்டரில், ஒரு குளத்துத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பேப்பர் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "தீசிஸ் எடுத்தா கைடு வூட்டுக்குப் பால் பாக்கெட்டு வாங்கிக் குடுக்கணும்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இன்னொருத்தி, "பேப்பருன்னா மார்க்கு நம்ம கையில. தீசிஸுன்னா மார்க்கு அவங்க மூடுல" என்றாள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். "பரீட்சைய எழுதுனமா, பாஸானமான்னு இல்லாம, காட்டுலயும் மேட்டுலயும் என்னாத்துக்கு நீ அலையற? வயசுப் பொண்ணு. கருத்துப் போயிடுவ." நான் கருத்துப் போவதைப் பற்றி அம்மாவுக்கு இருந்த கவலையில் பாதி, நான் என்ன படிக்கிறேன் என்பதில் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். சரி, அதை விடுங்கள்.

அப்பா எதிலும் தலையிடாத ஆள். செராமிக் எஸ்டேட்டில், ஃப்யூஸ் கேரியர் செய்கிற ஒரு கம்பெனியில் சூளைக்குத் தள்ளுவண்டி ஏற்றுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் தலைமுடியிலிருந்து கால்நகம் வரைக்கும் வெள்ளை மாவு. குளித்துவிட்டு டீக்கடைக்குப் போவார், திரும்பி வந்து சாப்பிட்டுப் படுப்பார். அவரிடம் போய் தீசிஸ் என்றால் என்ன தெரியும் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"தீசிஸுன்னா என்னாம்மா?"

"ஆராய்ச்சிப்பா. நானே ஒரு வெசயத்த எடுத்து ஆராய்ச்சி பண்ணி, புஸ்தகம் மாதிரி எழுதிக் குடுக்கணும்."

"ஒன் பேரு போட்டா?"

"என் பேரு போட்டுத்தான். அட்டையிலயே இருக்கும்."

அப்பா சோற்றுக் கையைத் தட்டில் உதறினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அது ஆராய்ச்சிய எடுக்கட்டும். நீ சும்மாயிரு" என்றார். எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைப் பார்த்து சும்மாயிரு என்று சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். ரசத்தைத் தட்டு வழிய ஊற்றினாள். திங்கட்கிழமை நான் தீசிஸ் என்று சொன்னது அப்பா கொடுத்த தைரியத்தில்தான். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எனக்கு கைடாக வந்தவர் ஒரு மேடம். சுருக்கமாகப் பேசுகிறவர், யாரையும் பால் பாக்கெட் வாங்கச் சொல்லாதவர். "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? கோயில் இருக்கிறது, ஜங்ஷன் இருக்கிறது, பீங்கான் இருக்கிறது. பீங்கானுக்காகக் களிமண் வெட்டி எடுத்த குழிகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. வெட்டி முடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மழை பெய்து தண்ணீர் நிற்கும். அதைக் குளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், குழி என்றுதான் சொல்வார்கள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் குழியில தட்டான் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஆனால் தட்டான் பறப்பதைப் பார்த்து எண்ணுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. அது எங்கிருந்து வேண்டுமானாலும் பறந்து வந்திருக்கும். இந்தக் குழியில்தான் அது பிறந்து வளர்கிறது என்று சொல்ல வேண்டுமானால் சட்டையைத் தேட வேண்டும். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரிதான். தட்டான் குஞ்சாக இருக்கும்போது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். பருவம் வந்ததும் ஏதாவது ஒரு தண்டைப் பிடித்து மேலே ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, இறக்கை காய்ந்ததும் பறந்துவிடும். அது கழற்றிப்போட்ட கூடு, காலும் கண்ணும் அப்படியே இருக்க, தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டைகளைப் பொறுக்கி, எந்தச் சாதித் தட்டான் என்று பிரித்து, குழிக்குக் குழி ஒப்பிட வேண்டும். இதுதான் என் தீசிஸ்.

மங்கலம்பேட்டை பஸ் போகிற ரோட்டின் ஓரத்தில் நான்கைந்து குழிகளைப் பிடித்தேன். எனக்கு பஸ் போகிற இடம்தான் கதி. அதில் ஒன்று பெரியது. மற்றதெல்லாம் வெயிலில் வற்றிவிடும், இது வற்றாது. கரை சுற்றிலும் சம்புக் கோரை ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும். இந்த வற்றாத குழியை வைத்துத்தான் மற்ற குழிகளை ஒப்பிட முடியும். அதன் சொந்தக்காரர் எங்கள் அப்பா வயசு. அனுமதி கேட்கப் போனபோது பனியனோடு வாசலில் உட்கார்ந்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"தட்டாம்பூச்சி சட்டையா?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தார். "எடுத்துக்கம்மா, நல்லா எடுத்துக்க. நான் என்ன அத மாட்டிக்கவா போறேன்?" அவர் வீட்டம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார். தண்ணீருக்குள் இறங்கும்போது ஜாக்கிரதை, அடியில் சேறு இழுக்கும் என்றார்.

அந்த ஆறேழு மாசம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு அந்த மாதிரி நான் இருந்ததில்லை. விடிகிற நேரத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று சம்புத் தண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். சட்டை கிடைத்தால் இடுக்கியால் எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு, தேதி எழுதுவேன். சில நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஈரமாக, நிறமே இல்லாமல், கசங்கிப்போய் இருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பேண்ட்டில் சேறு நாறும், பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். மகாராணி மாதிரி ஜன்னலோரம் வருவேன். மழைக்காலத்தில் குழி ரொம்பியது. பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. சிரிக்கவே சிரிக்காத மேடம் ஒருநாள் என் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "இத நல்லா எழுதினா பிஎச்.டி.க்கு நானே ஒரு இடத்துல சொல்றேன்" என்றார். எந்த லேப் என்றும் சொன்னார். நான் படிக்கட்டில் இறங்கிவரும்போது அழுதுவிட்டேன்.

இந்தப் பக்கம் இப்படி நடந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் எங்கள் அப்பா டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் என்ன பேசினார் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். முதலில், "எம் பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். அதைக் கேட்டவர்கள் "அப்பிடியா" என்று டீயை ஆற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது அவருக்குப் போதவில்லை. அடுத்த தடவை, "கவர்மெண்ட்டு ஆராய்ச்சி" என்றிருக்கிறார். அதற்கடுத்த தடவை, எழுதி முடித்ததும் அது டெல்லிக்குப் போகும் என்றிருக்கிறார். சூளைக்கு வண்டி ஏற்றுகிறவர் பேச்சை அந்தக் கடையில் யாரும் நின்று கேட்டது கிடையாது. டெல்லி என்றதும் கேட்டார்கள். "டெல்லிக்குப் போயி என்ன ஆவும்?" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். அப்பா, "ஆவறதுக்கென்ன? அந்தக் குழிய சரணாலயமா ஆக்கிடுவாங்க. சுத்தி வேலி போட்டு, போர்டு வெச்சி, வாட்ச்மேனு போட்டுடுவாங்க. ஒருத்தன் உள்ள கால் வெக்க முடியாது" என்றிருக்கிறார். நான் வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது பறவைகள் சரணாலயம் எப்படி வந்தது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவர் தூக்கிக்கொண்டு போய் அங்கே கடைவிரித்திருக்கிறார்.

பெருமையில் பேசினார். கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் குழிக்கரைக்கே வந்து நின்றார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாட்டினேன். ரோட்டில் போகிற யாரோ ஒருவரை நிறுத்தி, என்னைக் கைகாட்டி என்னவோ சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லா சிரித்தேன், போங்கள்.

பொங்கலுக்கு நான்கு நாள் குழிப்பக்கம் போகவில்லை. பண்டிகை முடிந்து போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. சம்பு தெரியவில்லை. கரையேறிப் பார்த்தால் குழி இருந்த இடம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. எஸ்டேட் கம்பெனிகளில் உடைந்து வீணாய்ப் போனதை, டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். உடைந்த ஃப்யூஸ் கேரியர், கைபோன பொம்மை, மூக்கு உடைந்த ஜாடி, சூளைச் சாம்பல். அதற்கு மேல் மண் தள்ளி ஜேசிபி ஏறி இறங்கிய தடம். ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் பால் மாதிரி நின்றது. அதில் சம்பு இரண்டு தண்டு சாய்ந்து கிடந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஓட்டுச் சில் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து நேராகக் குழிக்காரர் வீட்டுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தத்தான் போனேன். ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க இப்பிடிப் பண்ணீங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஒன்கிட்ட என்னாம்மா சொல்றது? ஒங்கப்பாதான் ஊரு பூரா சொல்லிட்டாரே. டெல்லிக்கு எழுதிப் போட்டு, கவர்மெண்ட்டு வந்து வேலி போட்டுரும்னு. இத நாளைக்கு மனையாப் போட்டாதான் எம் பொண்ணுக்கு ஒரு வழி பண்ண முடியும். அவங்க வந்து போர்டு வெச்ச பொறவு நான் எந்த ஆபீசு வாசல்ல போயி நிக்கறது?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. நான் சும்மா படிக்கறதுக்காக எண்றேன். அத காலேஜு அலமாரியில வெப்பாங்க. அவ்வளவுதான். ஒரு காக்கா குருவிகூட வராது."

"அப்பிடியா?" என்றார். "இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் இந்த வேலைக்குப் போயிருக்க மாட்டேனே. டிராக்டரு வாடகயும் தண்டம்." அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து அன்றைக்கும் மோர் கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! வரமாட்டேன் என்றது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழு வருஷம் எண்ண வேண்டிய இடத்தில் பாதி வருஷம் இருக்கிறது, வற்றாத குழி என்று ஒப்பிட்டுச் சொல்ல இருந்தது அது ஒன்றுதான், வெளியூர்ப் பேராசிரியர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார் என்றார். புதுக் குழி தேடி முதலிலிருந்து ஆரம்பிக்க நேரமில்லை. "இந்த வாரத்துக்குள்ள பேப்பருக்கு மாறிக்கோ. மாற விடுவாங்க. மார்க்காவது தேறும்." நியாயமாகத்தான் சொன்னார். எனக்கு எல்லா அநியாயத்தையும் எல்லோரும் நியாயமாகத்தான் பண்ணினார்கள். நான் பொறுக்கிய டப்பாக்களையும் எழுதிய தாள்களையும் லேபில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டில் அம்மா கூட்டித் தள்ளிவிடுவாள்.

வீட்டில் குழி தூர்ந்துபோன செய்தியை மட்டும் சொன்னேன். ஏன் தூர்த்தார் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அப்பா எகிறிக் குதிக்க ஆரம்பித்துவிட்டார். "எவ்ளோ பெரிய வேலையக் கெடுத்துட்டான் பாரு! படிக்கிற புள்ள வயித்துல அடிச்சிட்டானே! அவன் நல்லாயிருப்பானா?" என்று தெரு கேட்கக் கத்தினார். மாவு அப்பிய முகத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? நான் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அப்பா மேல் வந்த வெறுப்பு, அதற்கு முன்னால் எந்த மனுஷன் மேலும் வந்ததில்லை. அவர் அழ அழ அது ஜாஸ்தியானது.

அம்மாவுக்குத் தெரிந்த கோர்ட்டு ஒன்றுதான். "கொளஞ்சியப்பருக்கு பிராது கட்டிட்டு வந்துடலாம் வா" என்றாள். எங்கள் பக்கம் அது வழக்கம். ஸ்டேஷனில் புகார் எழுதுகிற மாதிரியே, இன்னார் எனக்கு இன்ன கெடுதல் பண்ணினார், நீதான் கேட்க வேண்டும் என்று அங்கிருக்கிற முருகனுக்கு மனு எழுதி, கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். நகை களவு போனால் கட்டுவார்கள், நிலத்தை ஏமாற்றினால் கட்டுவார்கள், புருஷன் வராவிட்டால் கட்டுவார்கள். தட்டாம்பூச்சிக்காகக் கட்டப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

கோயிலில் வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் மருமகன் பேரைச் சொல்லிச் சொல்லி, கூட வந்தவரை எழுத வைத்துக்கொண்டிருந்தாள். நான் என் பெயர், ஊர், எல்லாம் எழுதினேன். நடந்ததை எழுதினேன். யார் பண்ணினது என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. குழிக்காரர் பேரை எழுதினால் அது பொய். சாமிக்கு எழுதுகிற மனுவில் பொய் எழுத முடியுமா? உண்மையை எழுதினால் என் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று, "எழுதுடி, அவன் பேர எழுது. என்னா யோசன?" என்று அவசரப்படுத்தினாள்.

"வேணாம்மா. வா போவலாம்" என்று தாளைக் கிழித்துவிட்டேன்.

"ரெண்டெழுத்துப் படிச்சிட்டா சாமி இல்லாமப் போயிடுமா?" என்று அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். சாமியாவது, பூதமாவது! பெத்தவன் தலையில் கொண்டுபோய் எப்படி வைப்பது?

பேப்பர் இரண்டும் எழுதினேன். ஒன்று சுற்றுச்சூழல் சட்டங்கள். நீர்நிலைகளைப் பாதுகாப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். என்னைவிட யார் எழுத முடியும்! மார்க் அள்ளிக் கொடுத்தார்கள். முதல் வகுப்பு. அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். அதற்கப்புறம் பிஎச்.டி. இன்டர்வியூ என்று இரண்டு மூன்று இடத்துக்குப் போனேன். எல்லா இடத்திலும் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள், தீசிஸ் பண்ணவில்லையா என்று. பாதி பண்ணினேன் சார் என்றேன். பாதி தீசிஸ் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இப்போது சேத்தியாத்தோப்பு பக்கத்தில் ஒரு பிரைவேட் ஸ்கூலில் டீச்சர் வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு உணவுச் சங்கிலி நடத்துகிறேன். புல்லைப் பூச்சி தின்னும், பூச்சியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும். வருஷா வருஷம் அதே புல், அதே பூச்சி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால் போன் வந்தது. என் காலேஜ்தான், எனக்கு ஒரு வருஷம் பிந்தி வந்தவள். "அக்கா, மேடம் ஒங்க நம்பர் குடுத்தாங்க. தீசிஸ் எடுத்திருக்கேன். ஒங்க டாப்பிக்தான்க்கா, களிமண் குழி, தட்டான். நீங்க பண்ணின டேட்டா எல்லாம் என்கிட்டதான் இருக்கு. மேடம் தந்தாங்க. வேற குழி காட்டறதுக்கு ஊர்ல யாராவது இருக்காங்களாக்கா?"

குரலில் அவ்வளவு உற்சாகம். அவள்மேல் என்ன தப்பு? என் டப்பாக்கள், என் கையெழுத்து, நான் இடுப்பளவு தண்ணீரில் நின்ற காலை வேளைகள், எல்லாம் அவள் மேஜைமேல் இருந்தது. சட்டப்படி அது என்னுடையது இல்லை. தீசிஸ் எழுதாதவளுக்கு டேட்டா ஏது? "எனக்கு ஸ்கூல்ல வேலயா இருக்குதும்மா. வர முடியாது" என்றேன். அம்மா போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன். மேலே பேசியிருந்தால் அசிங்கமாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் நான் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஸ்கூலுக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்குப் போவது எப்போதாவதுதான். பங்குனியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். டிவிஎஸ்ஸும் இல்லை. "ஞாயித்துக்கெழம லீவாச்சே, எங்க போனாரு?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு வரும்ல, அத அழச்சிக்கிட்டுப் போயிருக்காரு" என்றாள் அம்மா, ரொம்ப சாதாரணமாக. "மழ தொடங்குன நாள்லேர்ந்து வாரா வாரம் போறாரு. திட்டக்குடி ரோட்டுல உள்ளாற எங்கியோ குழியாம். பஸ்ஸு போவாதாம். இவருதான் வண்டியில கொண்டுபோயி வுட்டு, அது முடிக்கிற வரைக்கும் கரையில உக்காந்திருந்து, திரும்ப ஸ்டாண்டுல ஏத்தி வுட்டுட்டு வராரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் குழியை ஊர்வாயில் போட்டு மூடியவர், எவளோ ஒருத்திக்குக் கரையில் காவல் உட்கார்ந்திருக்கிறார். பல்கூட விளக்காமல் அப்படியே வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிவாக்கில் வந்தார். கைலியில் முழங்கால் வரைக்கும் சேறு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எப்பம்மா வந்த?" என்றார். அம்மா இட்லி வைத்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நானும் எதிரே தட்டோடு உட்கார்ந்தேன்.

"என்னா, அந்தப் பொண்ணு நல்லா பண்ணுதா?" என்றேன்.

"நல்லாப் பண்ணுதும்மா. இன்னும் ஒரு மாசம், முடிஞ்சிரும்னுது. ஒன்ன மாதிரியேதான், தண்ணியில எறங்குச்சுன்னா வெளிய வரவே மனசு வராது."

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "என் குழி ஏன் போச்சின்னு ஒனக்குத் தெரியுமாப்பா? ஒன் வாயாலதான் போச்சி. டீக்கடையில உக்காந்து டெல்லி, சரணாலயம், வாட்ச்மேனுன்னு நீ அளந்ததக் கேட்டுட்டுத்தான் அந்த மனுஷன் தூத்துட்டாரு. அவரே என்கிட்ட சொன்னாரு. ஒன்னாலதான் நான் இன்னிக்கி புல்லு பூச்சின்னு கத்திக்கிட்டுக் கெடக்கறேன்."

அப்பா இட்லியைப் பிட்டது பிட்டபடி இருந்தார். மறுப்பார், கத்துவார், குறைந்தபட்சம் அதிர்ச்சியாவது ஆவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"ஒனக்குப் பரீட்ச முடியறதுக்கு முன்னாடியே தெரியும். ஒனக்குத் தெரியாம நான் அந்தக் குழிக்காரன்கிட்ட சண்டைக்கிப் போனேன், அப்ப அவன் என் மூஞ்சிக்கி நேராவே கேட்டுட்டான்." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுலேர்ந்து அந்த டீக்கடப் பக்கமே நான் போவறதில்ல. இந்தப் பொண்ணு வெசயத்த நான் ஒருத்தன்கிட்டயும் வாயத் தொறக்கல. யாராவது கேட்டா, சொந்தக்காரப் பொண்ணு, சும்மா மீனு பாக்க வந்திருக்குதுன்னு சொல்லிடறேன். கம்பெனியிலகூட ஒருத்தனுக்கும் தெரியாது."

"இந்த வாய்க்கட்ட எனக்குக் காட்டியிருக்கலாமேப்பா! யாரோ ஒருத்திக்குப் பண்ண முடிஞ்சத எனக்கு ஏன் ஒன்னால பண்ண முடியல?"

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நான் இப்படி ஒரு கேள்வி கேட்பேன் என்று அவர் நினைக்கவே இல்லை போலிருக்கிறது.

"அது யாரு பெத்த பொண்ணோம்மா. சொல்லாம இருக்க முடியுது" என்றார். "நீ எம் பொண்ணாச்சே. எப்பிடிச் சொல்லாம இருப்பேன்?"